இக்னேசியஸ் தேடிய பர்கர்

இக்னேசியசுக்குப் பர்கர் பிடிக்காது. இரண்டு பாண் துண்டுக்கு நடுவில் உறைப்பும் புளிப்பும் இல்லாத ஒரு வட்ட இறைச்சியை வைத்து, அதன் தலையில் சீனிப்பாகு மாதிரித் தக்காளிச் சோசை ஊற்றிக் கொடுக்கிறவர்களுக்குச் சமைக்கத் தெரியாது என்பது அவருடைய அசைக்க முடியாத கட்சி. அப்படிப்பட்ட மனிதர்தான் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு முழுவதும், சனிக்கிழமை தவறாமல், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பர்கர் கடை விடாமல் ஏறி இறங்கினார். எல்லாம் மகளுக்காக.

நிரோஷினிக்கு இரண்டு வயதாக இருந்தபோது அவர் யாழ்ப்பாணத்துப் பாசையூரை விட்டுப் புறப்பட்டார். ஜெர்மனியில் கொஞ்சக் காலம், மொன்றியலில் கொஞ்சக் காலம், கடைசியாக றொறன்ரோ. அகதி வழக்கு முடிந்து, ஸ்பொன்சர் சரிவந்து, மனைவி வேரோனிக்காவும் மகளும் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது பிள்ளைக்குப் பதினொரு வயது. "அப்பாவைக் கொஞ்சு பிள்ளை" என்று வேரோனிக்கா தள்ளிவிட்டாள். பிள்ளை வந்து கன்னத்தை நீட்டியது. அதோடு சரி. அதற்குப் பிறகு அவள் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை.

மரியாதையில் ஒரு குறையும் இல்லை. "வாங்கோ", "இந்தாங்கோ", "அம்மா சாப்பிட வரட்டாம்", "உங்களுக்குப் போன்" எல்லாம் உண்டு. அந்த ஒரு சொல்லை மட்டும், தெருவில் தேங்கி நிற்கும் வெள்ளத்தைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றிக்கொண்டு போனாள். அவர் அறைக்குள் இருந்தால் வாசலில் வந்து நின்று, அவராக நிமிர்ந்து பார்க்கும்வரை பேசாமல் நிற்பாள். கூப்பிடாமல் தப்புவதற்குத்தான் அந்த நிற்பு என்று விளங்க அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. விளங்கிய நாளிலிருந்து மனிதருக்கு வேறு யோசனை இல்லை. வேரோனிக்கா வாய்க்கு வாய் "என்னப்பா", "கேட்டீங்களேயப்பா" என்றாள். சொல்லவேண்டியவள் சொல்லவில்லை.

இன்னொரு கவலையும் இருந்தது. பிள்ளை இறைச்சியைத் தொடுவதில்லை. ஊரில் ஆட்டிறைச்சிக் கறிக்குச் சண்டை பிடித்தவள், இங்கே சோற்றையும் பருப்பையும் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழும்பிவிடுவாள்.

"இந்த நாட்டு இறைச்சி மணம் பிள்ளைக்கு ஒத்துவரேல்லையப்பா. மாசக்கணக்கா ஐசில கிடக்கிற சாமான், எனக்கே பிரட்டுது" என்றாள் வேரோனிக்கா.

இக்னேசியஸ் வேலை செய்த தொழிற்சாலையில் கார்க் கதவுகளுக்குப் பிளாஸ்டிக் பிடி அடிப்பார்கள். பக்கத்து மெசினில் நின்றவன் கோர்டன் என்ற வெள்ளைக்காரன். விவாகரத்துக்குப் பிறகு தன் மகள் தன்னோடு கதைக்காமலே இருந்ததாகவும், கிழமைக்கு ஒருநாள் பர்கர் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய்த்தான் அவள் வாயைத் திறக்க வைத்ததாகவும் அவன் சொன்னான். நிதானமாகக் கேட்டிருந்தால், அவன் சொன்னது மகளோடு ஒரு மேசையில் இருப்பதைப் பற்றி என்று விளங்கியிருக்கும். நம்முடைய ஆள் பர்கரை மட்டும் பிடித்துக்கொண்டார்.

முதல் கடை கிங்ஸ்ரன் றோட்டில் இருந்தது. ஒரு கிரேக்கன் நெருப்புத் தணலுக்கு முன்னால் வியர்த்து வழிந்துகொண்டு நின்றான். பர்கர் வந்ததும் நிரோஷினி மேல் பாணைத் திறந்தாள். இறைச்சியை இரண்டு விரலால் தூக்கிக் கடதாசித் துவாயில் வைத்து, வடிவாக மடித்து ஓரத்தில் வைத்தாள். பிறகு பாணை மூடி, உள்ளே மிஞ்சிய இலையையும் வெங்காயத்தையும் சேர்த்துக் கடித்தாள்.

"நல்லா இருக்கோ பிள்ளை?"

"ஓம்."

"அப்ப இறைச்சி?"

"வயிறு நிரம்பிட்டுது."

காரில் வரும்போதே இக்னேசியஸ் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பழுது பிள்ளையில் இல்லை, இறைச்சியில். மணமில்லாத, அன்றைக்கு அரைத்த இறைச்சி போடுகிற கடை ஒன்றைக் கண்டுபிடித்தால் அவள் சாப்பிடுவாள். சாப்பிடுகிற அன்றைக்கு அப்பா என்று கூப்பிடுவாள். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. மனதுக்குள் அது அப்படித்தான் முடிச்சுப் போட்டுக் கிடந்தது.

அப்படித் தொடங்கிய தேடல்தான். டான்போர்த் பக்கம் ஒரு கடையில் வெங்காயத்தைப் பொன்னிறமாகப் பொரித்துப் போட்டார்கள். எக்ளின்ரனில் ஒரு சீனக் கிழவியின் கடையில் பர்கரோடு சூப்பும் கிடைத்தது. லோறன்சில் ஓர் ஆப்கானியன் மல்லியும் மிளகும் போட்டு இறைச்சியைப் பிசைந்தான். அன்றைக்கு இக்னேசியஸ், வாழ்க்கையில் முதல்தடவையாக, "பரவாயில்லை" என்று ஒரு பர்கரைப் பார்த்துச் சொன்னார். நிரோஷினி அந்த இறைச்சியையும் அதே வடிவாகக் கடதாசியில் மடித்து வைத்தாள்.

எறிவது பாவம் என்று அவளுடைய இறைச்சியையும் அவரே தின்றார். வயிறு முன்னுக்கு வந்தது. டொக்டர் கொலஸ்ட்ரோல் என்று பயங்காட்டினார். பர்கர் கட்டும் கடதாசியைத் தொட்டே அது எப்போது சுட்டது என்று சொல்லுமளவுக்கு மனிதர் தேறிவிட்டார். குசினிக்குள் எட்டிப் பார்த்து, "மீற் ருடே? யெஸ்ரடே?" என்று விசாரணை வைப்பார். நிரோஷினி வெட்கத்தில் மேசைக்குக் கீழே தலையைக் கொண்டுபோவாள்.

கோடைகாலத்தில் ஒருநாள் பொரித்த உருளைக்கிழங்கைக் கடித்துக்கொண்டு, அவர் கேட்காமலே, "இந்தக் கடைப் பிரைஸ் நல்லம்" என்றாள். அந்தக் கிழமை முழுவதும் மெசினடியில் இக்னேசியஸ் பாட்டுப் பாடினார் என்று கோர்டன் சொல்லிச் சிரித்தான். அடுத்த சனிக்கிழமை அதே கடைக்குப் போனார்கள். அவள் பிரைசைச் சாப்பிட்டாள். இறைச்சி கடதாசிக்குள் போனது.

ஒக்ரோபர் கடைசியில், இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணம் வெறுமையானது. சனம் முழுவதும் ஒரே இரவில் மூட்டை முடிச்சோடு நடந்து போய்விட்டதாகத் தமிழ் றேடியோ சொன்னது. அந்தச் சனத்துக்குள் இக்னேசியசின் அண்ணன் அமிர்தநாதரும் இருந்தார். வேரோனிக்காவும் பிள்ளையும் கனடா வரும்வரை இருந்தது அந்த அண்ணனுடைய வீட்டில்தான். தன் பிள்ளைகளோடு பிள்ளையாக நிரோஷினியையும் சைக்கிள் பாரில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் அவர். இப்போது உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. நிரோஷினி பள்ளிக்கூடத்தால் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் றேடியோவுக்கு முன்னால் இருந்துவிடுவாள். இக்னேசியஸ் கொழும்புக்குப் போன் அடித்து அடித்துக் களைத்தார். சனிக்கிழமைகளில் மட்டும் பர்கர் கடைக்குப் போனார்கள், வேறு என்ன செய்வதென்று தெரியாதபடியால்.

தை மாதத்தில் ஒரு காலை. இக்னேசியஸ் குளியலறையில் முகம் வழித்துக்கொண்டு நின்றார். போன் அடித்தது, நிரோஷினி எடுத்தாள். பிறகு வீடே அதிரக் கத்தினாள்.

"அப்பா! ஐயோ, அப்பா!"

முகத்தில் சவர்க்கார நுரையோடு அவர் ஓடினார். பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று பதறித்தான் ஓடினார். ஆனாலும், கடவுள் மன்னிக்கட்டும், அந்த ஓட்டத்தில் ஒரு சந்தோசமும் இருந்தது. கூப்பிட்டுவிட்டாள்.

"என்ன பிள்ளை? இஞ்சை நிக்கிறன். அப்பா இஞ்சைதான் நிக்கிறன்."

நிரோஷினி அவரைப் பார்த்தாள். யாரோ வழி மறித்துக்கொண்டு நிற்பதுபோலப் பார்த்துவிட்டு, சுவரோடு சாய்ந்து, மறுபடியும் "அப்பா, அப்பா" என்று அழுதாள். வேரோனிக்கா வந்து போனை வாங்கினாள். கதைத்தது அமிர்தநாதரின் மூத்த மகன். வன்னியில் மலேரியாக் காய்ச்சல், மருந்தில்லை, ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் வைத்து உயிர் போய்விட்டது.

"அத்தான் போட்டாராமப்பா" என்றாள் வேரோனிக்கா. நுரை காய்ந்து முகம் இழுத்துப் பிடிக்க, இக்னேசியஸ் அப்படியே நின்றார்.

பின்னேரம், பிள்ளை அழுது களைத்துப் படுத்த பிறகு, வேரோனிக்கா உள்ளதைச் சொன்னாள்.

"அங்கை எல்லாப் பிள்ளையளும் அப்பா எண்டு கூப்பிட, இவளும் கூப்பிட்டுப் பழகிட்டாள். பெரியப்பா எண்டு சொல்லடி எண்டு நான் எத்தினை தரம் பேசினனான். அத்தான்தான், விடு பிள்ளை, தம்பியிட்டைப் போனாப் பிறகு எல்லாம் சரிவரும் எண்டவர். உங்களுக்கு எப்பிடியப்பா உதைச் சொல்லுறது?"

சின்ன வயதில் தன்னைத் தோளில் சுமந்து அந்தோனியார் திருவிழா காட்டிய அண்ணன். தன் பெண்சாதி பிள்ளைக்கு ஒன்பது வருசம் சோறு போட்ட அண்ணன். அந்த அண்ணனுக்காக வாய்விட்டு அழ இக்னேசியசால் முடியவில்லை. அழப் போனால் நடுவில் பொறாமை வந்து நின்றது. செத்துப்போன மனிதனோடு போட்டிக்கு நிற்கிறேனே என்று வெட்கப்பட்டார். வெட்கப்பட்டும் அது போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை எங்கும் போகும் எண்ணம் அவருக்கு இல்லை. நிரோஷினி குளிர் ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு கதவடியில் வந்து நின்றாள். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நின்றாள்.

கடை எது என்று பார்க்காமல், வழியில் வந்த ஒன்றில் காரை நிறுத்தினார். அவர் மிதித்த கடைகளிலேயே படுமோசமானது அதுதான். இறைச்சி சாம்பல் நிறத்தில் கிடந்தது. நிரோஷினி பாணைத் திறக்கவில்லை. அப்படியே எடுத்துக் கடித்தாள். இறைச்சியும் பாணுமாக, கண்ணால் தண்ணீர் ஓட ஓட, கடைசித் துண்டுவரை சாப்பிட்டு முடித்தாள். ஒரு வருசமாக இந்தக் காட்சிக்குத்தான் அவர் தவம் கிடந்தார். பார்க்க முடியவில்லை.

"ஏன் பிள்ளை?" என்றார்.

"ஊரை விட்டு வெளிக்கிட்டுக் கிளாலியில வள்ளம் ஏறேக்கை அந்தோனியாருக்கு நேந்தனான். அப்பாவைத் திரும்பக் காணுமட்டும் இறைச்சி தொடமாட்டன் எண்டு."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"நேத்தியை வெளியில சொன்னாப் பலிக்காது." மூக்கைத் துடைத்தாள். "இனி என்னத்துக்கு."

அவர் இத்தனை நாளும் தேடியது நல்ல இறைச்சியை. மோதியது ஒரு புனிதரோடும் தன் சொந்த அண்ணனோடும். அது தெரியாமல் குசினி குசினியாக எட்டிப் பார்த்துத் திரிந்திருக்கிறார். அதைவிட இன்னொன்று அவரைச் சுட்டது. அவருக்கு முன்னாலேயே இருந்துகொண்டு, ஒரு தடங்கலும் இல்லாமல், அவ்வளவு இலேசாக அந்தச் சொல் அவள் வாயில் வந்தது.

"அப்பாவுக்கு ஒரு பூசை குடுக்கவேணும்" என்றாள்.

"குடுப்பம்."

முப்பத்தோராம் நாளை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை, வேரோனிக்காவுக்கு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை, விடுப்புக் கிடைக்கவில்லை. அவரும் மகளும் மட்டும் தமிழ்ப் பூசைக்குப் போனார்கள். பூசைக்கு முன்னால் சாமியார் யாருக்காக ஒப்புக்கொடுப்பது என்று கேட்டார். நிரோஷினியே பெயரைச் சொன்னாள். "ஆர் பிள்ளை உமக்கு?" என்றார் சாமியார். "அப்பா" என்றாள். பின்னால் நின்ற இக்னேசியஸ், பெரியப்பா சுவாமி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"நிரோஷினியின் அன்புத் தந்தை அமிர்தநாதரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று கோவில் முழுக்கக் கேட்க வாசிக்கப்பட்டது. இக்னேசியஸ் முழந்தாளில் நின்றார். அப்போதுதான் அண்ணனுக்காக அவருக்கு அழுகை வந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. மொன்றியலிலிருந்து புதிதாக வந்திருந்த பேர்ணடெற் என்ற பெண் ஓடிவந்து நிரோஷினியைக் கட்டிக்கொண்டாள்.

"உந்தச் சின்ன வயசிலை தேப்பனைப் பறிகுடுத்திட்டியே, என்ர குஞ்சு." பிறகு இக்னேசியசிடம் திரும்பினாள். "அண்ணை, நீங்கள் இவைக்குச் சொந்தமோ?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் சொல்லட்டும் என்று, ஒரு மூச்சு எடுத்து விடுகிற நேரம் காத்திருந்தார். நிரோஷினி பனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் அமிர்தநாதற்ர தம்பி" என்றார்.

"அப்ப பிள்ளைக்குச் சித்தப்பா."

"ஓம்" என்றார் இக்னேசியஸ்.

பேர்ணடெற் இன்னும் கொஞ்சம் ஆறுதல் சொன்னாள், பிள்ளையின் தாயினுடைய போன் நம்பர் கேட்டாள். அவர் சொல்லிக்கொண்டு நிற்க, நிரோஷினி முன்னுக்கு நடந்து காரடிக்குப் போனாள். கதவுப் பிடியை இழுத்துப் பார்த்தாள். வழக்கமாக அவர் திரும்பிப் பார்க்கும்வரை அப்படியே நிற்பவள், அன்றைக்கு நிற்கவில்லை. பனிக்குள்ளிருந்து சத்தமாகக் கூப்பிட்டாள்.

"சித்தப்பா! கதவு பூட்டிக் கிடக்கு."

அவர் திறப்பை எடுத்துக்கொண்டு ஓடினார்.