என் பின்கோடுக்கு வந்த போன்கள்

காலையில் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் ஒருமுறை துடித்தது. யாரோ நம்மை நினைத்துக்கொண்டார்கள் என்று ஆசையாக எடுத்துப் பார்த்தால், புது போன் ஒன்று வரப்போகிறதாம். கறுப்புத் திரையில் அதன் முதுகு மட்டும் பட்டும் படாமலும் தெரிகிற மாதிரி ஒரு படம். அதன் கீழே நாளும் மணியும் நிமிஷமும் குறைந்துகொண்டே வருகிற கடிகாரம். 'வந்ததும் சொல்லவா?' என்று ஒரு பொத்தான். அழுத்தினேன். அழுத்திய கையோடு யாரிடமாவது காட்டலாம் என்று பக்கத்தில் திரும்பினேன். பக்கத்தில் நின்றவர் தன் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு டீயை ஆறவிட்டிருந்தார். டீ மாஸ்டர்தான் "சக்கர கம்மியா சார்?" என்று கேட்டார். அதுவும் வழக்கமாகக் கேட்பதுதான்.

சித்தூரில் இப்போது மாங்காய் சீசன். தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் மாம்பழக்கூழ் பேக்டரிகளுக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருக்கின்றன. இந்த வாசனை இருக்கிறதே, வெளியூர்க்காரர்கள் முதல் நாள் ஆஹா என்பார்கள், அடுத்த நாளே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பழுத்ததும் அழுகியதும் சேர்ந்து வெயிலில் புளிக்கிற வாசனை அது. எனக்கு மட்டும் அது புது போனின் வாசனை. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

படிப்பு முடித்த கையோடு அப்படி ஒரு பேக்டரியில்தான் எனக்கு வேலை கிடைத்தது. எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரூம், அதில் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் நான். வண்டி ஏறினால் ஒரு பட்டன், இறங்கினால் ஒரு பட்டன். நாள் முழுக்க நான் பேசுவது "பண்டி நம்பர் எந்தா?", "முந்துகு ரா", "சாலு, ஆப்பு" என்று வண்டி நம்பர் கேட்பதும், முன்னால் வா, போதும் நிறுத்து என்பதும்தான். சாயந்தரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த மாடி ரூமுக்கு வந்தால் அதுவும் இல்லை. என் ஊர் சாந்திபுரத்துக்குப் பக்கம். நைனாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அண்ணன் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூரில் குடியேறிவிட்டான். பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லையா என்று பேக்டரியில் கேட்பார்கள். போனால் எந்த வாசலில் செருப்பைக் கழற்றுவது? ஞாயிற்றுக்கிழமைகளில் துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருப்பேன். கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டியதுதானே என்று ஆரம்பிக்காதீர்கள், அது வேறு கதை.

அந்த நாட்களில் ஒருநாள் சீனு போன் பண்ணினான். சீனு என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ஊரில் தக்காளியும் பீன்ஸும் போடுகிறவன். ஆனால் எந்தக் கம்பெனி எப்போது என்ன போன் விடப்போகிறது, அதில் கேமரா எத்தனை, பேட்டரி எவ்வளவு என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். தக்காளி விலையைக் கூட அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டான்.

"டேய், உன் அட்ரஸ் சொல்லு" என்றான்.

"இன்னாத்துக்குடா, வர்றியா?"

"நான் எங்க வர்றது. போனு வருது."

விஷயம் இதுதான். அப்போது புது போன்கள் கடைக்கு வராது. இணையத்தில் மட்டும்தான் விற்பார்கள். அதுவும் சொன்ன நாளில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறப்பார்கள், கண்ணை மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதிலும் ஒரு கஷ்டம். ஊர்ப் பின்கோடைப் போட்டால் 'இந்த முகவரிக்கு அனுப்ப இயலாது' என்று சிவப்பில் வந்துவிடும். சித்தூர் பின்கோடைப் போட்டால் பச்சை. ஊருக்கே தெரிந்த சித்தூர்க்காரன் நான் ஒருவன்தான். அப்படித்தான் நான் அட்ரஸ் ஆனேன்.

வாங்குகிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. ஊரில் சிக்னல் வேண்டுமானால் ஏரிக்கரை மேட்டில் ஏற வேண்டும், எனக்கு ஆபீசில் நெட் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு முன்பே அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துவிடுவேன். ஒரு காதில் சீனு, "டேய், ரெப்ரஷ் பண்ணிகினே இரு, கைய எடுக்காத" என்பான். வெளியே எடைமேடையில் டிராக்டர்கள் ஹாரன் அடிக்கும். "சார், எந்த சேப்பு?", இன்னும் எவ்வளவு நேரம் என்று டிரைவர்கள் கத்துவார்கள். மாங்காய் வாசனை ஜன்னல் வழியாக வந்து கம்ப்யூட்டர் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். திரையில் சக்கரம் சுற்றும், சுற்றும், தீர்ந்துவிட்டது என்று வரும். சீனு உச்சுக்கொட்டுவான். பிறகு "சரி வுடு, வர்ற வாரம் பாத்துக்கலாம்" என்பான். நிஜத்தைச் சொல்கிறேன், தீர்ந்துபோனால் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்தான். அடுத்த வாரமும் பேசுவானே.

கிடைத்துவிட்டால் இன்னும் சந்தோஷம். பார்சல் என் ரூமுக்கு வரும், வாங்கிப் போக ஊரிலிருந்து ஆள் வர வேண்டும். சீனுவுக்கு வந்ததைப் பார்த்து அவன் பங்காளி, பங்காளியைப் பார்த்து எதிர்வீட்டு லைன்மேன் என்று கேட்க ஆரம்பித்து, கூரியர்க்காரனுக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. "மீரு போன் ஷாப் பெட்டாரா சார்?" என்று போன் கடையைத் தேடி ரூமுக்குள் எட்டிப்பார்த்தான். ஒரு பாயும் பக்கெட்டும்தான் இருந்தன. யாருக்குப் பார்சல் வந்தாலும் கூடவே சீனு வந்துவிடுவான், பெட்டியைப் பிரிக்கும்போது அவன் இருந்தாக வேண்டும். வருகிற அன்று காலையிலேயே ரூமைப் பெருக்கிவிடுவேன். சோறு அதிகமாக வடிப்பேன். "துன்னுட்டுதான் வந்தோம்" என்று சொல்லிக்கொண்டே ஆளுக்கு ரெண்டு தட்டு சாப்பிடுவார்கள். பிறகு வட்டமாகக் குந்திக்கொண்டு பெட்டியை நடுவில் வைத்துப் பிரிப்போம். மேலே ஒட்டிய பிளாஸ்டிக்கை உரிக்கும் உரிமையைச் சீனு எனக்குத்தான் கொடுப்பான். "அவன் உரிக்கட்டும்டா, அவன் அட்ரஸுக்குத்தானே வந்துது" என்பான். அந்த ஒரு சரக் சத்தத்துக்காக நான் வாரக்கணக்கில் காத்திருந்திருக்கிறேன்.

ஒருமுறை முகத்தைக் காட்டினாலே திறக்கிற போன் ஒன்று வரப்போவதாகச் செய்தி வந்தது. சீனுவுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. கிடைத்தால் திருப்பதி மலைக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டான். கிடைத்தது. ஆனால் பார்சல் திருப்பதி வரைக்கும் வந்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. தினமும் பார்த்தால் அதே வரி.

"திருப்பதி வந்து குந்திகினு கீது. சித்தூர் வர்றதுக்கு அதுக்கு இன்னாடா நோவு?" என்று புலம்பிக்கொண்டே ஒருநாள் காலையில் வந்து இறங்கினான். நான் லீவு சொல்லிவிட்டு அவனோடு ரயிலேறினேன். பாகாலாவில் வண்டி நின்றபோது பிளாட்பாரத்தில் வடை வாங்கித் தின்றோம். திருப்பதியில் கூரியர் குடோனைத் தேடிக் கண்டுபிடித்து, ஆதார் கார்டைக் காட்டி வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும், சீனு ரோட்டோரத்தில் ஒரு சிமெண்ட் குழாய் மேல் உட்கார்ந்துவிட்டான். ரூமுக்குப் போய்ப் பிரிக்கலாம் என்றால் கேட்பதாக இல்லை. நான் உரித்தேன். அவன் மீசையைத் தடவிக்கொண்டு இப்படித் திரும்பி அப்படித் திரும்பி முகத்தைப் பதிவு பண்ணினான். காட்டினால் திறந்தது. மூடினான், காட்டினான், திறந்தது. மலைக்குப் போகிற பஸ் முழுக்க இதே வேலை.

மேலே போனதும் முதலில் மொட்டை. தலையோடு தாடி மீசையும் போயிற்று. தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு வெளியே வந்து போனை எடுத்து முகத்தைக் காட்டினான். திறக்கவில்லை. துடைத்துவிட்டுக் காட்டினான். ஊகூம். கண்ணை உருட்டினான், சிரித்தான், கோபப்பட்டான். போன் அசையவில்லை.

"இதுக்கே என்னத் தெரியல. வூட்ல எப்டிடா சேத்துப்பாங்க?" என்றான்.

அடுத்தது அதைவிட மோசம். சாமி பார்க்கக் கியூவுக்குப் போக வேண்டுமானால் போனைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். ஆசையில் ரெண்டு பேருமே மறந்துவிட்டோம். கவுண்டர் வரை போனவன் போனை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றான். "இப்பதான்டா கைக்கு வந்துது" என்றான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சாமி எங்க போவப்போறாரு, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்று திரும்பிவிட்டான். மொட்டை போட்டு, தரிசனம் பண்ணாமல் மலையிறங்கிய ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான். பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் எங்களுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. என் வாழ்க்கையில் நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்குமுன் இல்லை, பின்னாலும் இல்லை.

அப்புறம் ஒரு சீசனில் சீனு வந்தபோது முகம் பூராவும் சிரிப்பாக இருந்தது. வந்த போனைக்கூட உடனே பிரிக்கவில்லை.

"இனிமே நம்ம ஊருக்கே வருதாம்டா. வூட்டாண்டயே வந்து குடுக்கறான். உனுக்கும் எவ்ளோ நாளு ரோதனை, பாவம்" என்றான்.

எனக்குத் திக்கென்றது. வாயில் வந்தது வேறு. "அப்பாடா, இப்பவாவது வுட்டுதே" என்றேன். அவன் நம்பிவிட்டான். நான் அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க வேண்டாம். பெட்டியைப் பிரித்தோம், உரித்தேன், பஸ் ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. வருவதற்கு என்ன இருக்கிறது? கொஞ்ச நாள் கழித்து வீட்டுக்கார அம்மா படிக்கட்டில் நிறுத்தி, "மீ வாள்ளு எவரூ ராவட்லேதே?", உங்கள் ஆட்கள் யாரும் வருவதில்லையே என்று கேட்டார். அவர்கள் என் உறவுக்காரர்கள் என்றே நினைத்திருக்கிறார்.

புது போன் வருகிறது என்றால் நான் அதற்குப் பிறகும் சீனுவைக் கூப்பிடுவேன். "பாத்தியாடா?" என்றால், "நேத்தே வந்துட்ச்சு, தம்பி வச்சிகினு கீறான்" என்பான். பின்னால் டிவி சத்தம் கேட்கும். "அப்புறம்?" என்பான். "அப்புறம், ஒண்ணுமில்ல" என்பேன்.

போன வருஷம் என் போன் செத்துப்போனது. புதிதாக ஒன்று வரப்போவதாக அதே மாதிரி கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் பெயரைப் பதிந்து, வந்த அன்றே வாங்கினேன். இப்போதெல்லாம் தீர்ந்துபோவதும் இல்லை. எந்த முகவரிக்கு என்று கேட்டது. விரல் கொஞ்சம் நின்றது. சீனு வீட்டு முகவரியைப் போட்டேன். ஊர்ப் பின்கோடு பச்சையாக வந்தது.

ஆபீஸ் போனிலிருந்து அவனுக்குச் சொன்னேன்.

"ஏன்டா, சித்தூர்ல வராதா?"

"இங்க டெலிவரி காட்டலடா. அங்க வந்ததும் சொல்லு, நானே வந்து வாங்கிக்கறேன்."

"வா வா" என்றான்.

அந்த வா வா-வை வைத்துக்கொண்டு நான் பண்ணியதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். லீவு எழுதிக்கொடுத்தேன். புதுச் சட்டை எடுத்தேன். சீனுவின் பெண்களுக்கு மைசூர்பாகும் வளையலும் வாங்கினேன், வளையல் அளவு தெரியாமல் கடைக்காரரிடம் கையைக் காட்டிக் காட்டி விளக்கினேன். பெட்டியை அவன் வீட்டுக் கூடத்தில் நடுவில் வைத்து எல்லோரும் குந்திக்கொள்ள, பிளாஸ்டிக்கை இந்த முறை அவனை உரிக்கச் சொல்ல வேண்டும் என்று முடிவு பண்ணிவைத்திருந்தேன். அந்தப் பழைய நாட்களில் கூட ஒரு போனுக்காக நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

கிளம்புகிற அன்று காலையில் ஆபீஸில் சொல்லிக்கொண்டு போகலாம் என்று நுழைந்தபோது ஆபீஸ் போனில் அவனே கூப்பிட்டான்.

"போனு வந்துட்ச்சுடா. பஸ்ல குடுத்துட்டேன். டிரைவர் நம்ம ஆளுதான், பலமநேர் வழியா வர்ற வண்டி. ஸ்டாண்டுல வாங்கிக்கோ. ஒரு போனுக்காக நீ லீவு போட்டுகினு அவ்ளோ தூரம் அலையணுமா?"

எங்கள் பக்கத்தில் பஸ் டிரைவரிடம் எதையும் கொடுத்து அனுப்புவோம். மருந்து, மல்லிகைப்பூ, மறந்துவிட்டுப் போன கண்ணாடி. கொடுத்தால் பத்திரமாக வந்து சேரும். சீனு எனக்கு நல்லதுதான் செய்தான். "தேங்க்ஸ்டா" என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டில் போய் நின்றேன். பஸ் வந்தது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தார். பார்சல் பிரிக்காமலே இருந்தது. மைசூர்பாகும் வளையலும் இருந்த பையை அவரிடம் நீட்டி, திரும்பிப் போகும்போது சாந்திபுரத்தில் சீனுவிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் வாங்கி உள்ளே பார்த்தார். என் புதுச் சட்டையையும் பார்த்தார்.

"இதி எந்துக்கு சார், மீரே ரண்டி. சீட்டு காலீகா உந்தி" என்று என்னையே வண்டியில் ஏறி வரச் சொன்னார்.

பஸ்ஸில் இடம் இருந்தது உண்மைதான். ஜன்னலோரமே இருந்தது. எங்கள் ஊரில் யார் வீட்டுக்கும் யாரும் போவார்கள், "சும்மாதான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே குந்துவார்கள், யாரும் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். நானும் அப்படிப் போயிருக்கிறேன், சின்ன வயதில் சீனு வீட்டுக்கே எத்தனையோ தடவை. கையில் ஒரு காரணம் இல்லாமல் அந்த வாசலில் போய் எப்படி நிற்பது என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

"இல்ல, வேலை இருக்கு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பையைச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.