ஜெபராஜ் மூன்று டைட் எண்டுகளை எடுத்த ஆண்டு

பிப்ரவரி மாதம், ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். நண்பர் வெங்கட் தொலைபேசியில் அழைத்தார். "சார், ஜெபராஜ் அங்கிள் ஆபீஸ் பார்க்கிங்லயே போயிட்டார். காரை ஆஃப் பண்ணிருக்கார், சீட் பெல்ட்டைக் கழட்டிருக்கார். அவ்வளவுதான்."

எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. ரோஸ்லினை இனி யார் அழைத்துப்போவார்கள் என்ற கேள்விதான் வந்தது. அவர் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சர்க்கரையால் பார்வை மங்கியவர், கார் ஓட்ட முடியாது. பிள்ளைகள் இல்லை. மூன்று நாளும் காலை ஆறரைக்கு ஜெபராஜ்தான் கொண்டுபோய் விடுவார்.

இங்கே அமெரிக்காவில், நம் ரிச்சர்ட்சன் தமிழ்ச் சபையில் அவரைப் பாடகராக அறிந்தவர்கள் உண்டு. கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டுபவராக அறிந்தவர்கள் உண்டு. நான் அறிந்தது அவருடைய ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை. அதைத்தான் எழுத முடியும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் எட்டுப் பேர் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூடுவோம். அமெரிக்கக் கால்பந்தில் உண்மையாக ஆடுகிறவர்களின் பெயர்களை முறைவைத்து ஆளுக்கொருவராக எடுத்துக்கொள்வோம். எட்டாவது ஆள் எடுத்ததும் முறை பின்னோக்கித் திரும்பும். அதன்பின் டிசம்பர்வரை அந்த ஆட்டக்காரர்கள் மைதானத்தில் செய்வதெல்லாம் எங்களுக்குப் புள்ளிகள். திங்கட்கிழமை செய்தித்தாளைப் பார்த்துக் கூட்டிப்போடுவது, கணக்கு வாத்தியார் என்பதால், என் பொறுப்பு.

கரூர்ப் பக்கத்துக் குமரேசன் எப்போதும் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கைத்தான் முதலில் எடுப்பார். அதிகப் புள்ளி அந்த ஆளுக்குத்தானே வரும் என்பது அவர் வாதம். நாங்கள் மற்றவர்கள் பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக்கை எடுப்போம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு காரணம் கிடையாது. ஓர் ஆண்டு ஜெபராஜ் முதல் முறையிலேயே டைட் எண்ட் ஒருவரை எடுத்தார். அந்த இடத்து ஆள் பெரும்பாலும் எதிரியை மறித்துக்கொண்டு நிற்பார், எப்போதாவது பந்து பிடிப்பார். மேசையே சிரித்தது.

"ஏனுங்ணா, சாம்பார் இருக்கறப்ப யாராவது ஊறுகாய முதல்ல போடுவாங்களா?" என்றார் குமரேசன்.

"சிரி தம்பி. நல்ல ஆளு யாருன்னு நீ பாக்குற. ஒன் முறை திரும்பி வர்றப்ப அந்த எடத்துக்கு எவன் மிச்சம் இருப்பான்னு நான் பாக்கேன்" என்றார் ஜெபராஜ். அவர் பாளையங்கோட்டைக்காரர்.

அந்த ஆண்டு அவர்தான் ஜெயித்தார். எனக்கு அது வகுப்பறைக் கணக்காகவே புரிந்தது. கணக்கில் முதல் மாணவன் ஊர் மாறிப் போனால் இரண்டு மதிப்பெண் குறைவாக இன்னொருவன் இருப்பான். ஆர்மோனியம் வாசிக்கிற ஒரே பெண் போய்விட்டால் மறுநாள் பிரார்த்தனைப் பாட்டே கிடையாது. முதல் குவார்ட்டர்பேக்குக்கும் எட்டாவது குவார்ட்டர்பேக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல டைட் எண்டுகளோ மூன்று பேர். நான்காவது இடத்தில் வெறும் பள்ளம்தான்.

அவர் வேலையும் அப்படிப்பட்டதுதான். தொலைபேசி இணைப்பகப் பெட்டிகளில் ஒவ்வொரு மின்சுற்று அட்டைக்கும் மாற்று அட்டை ஒன்று காத்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் அட்டையைச் சொல்லாமல் கொள்ளாமல் உருவிவிட்டு, மாற்று அட்டை வேலையை எடுத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது அவருடைய பணி. "பிடுங்கிப் பாத்தாத்தான் சார் தெரியும்" என்பார். பழுதாகாத அட்டையை ஏன் பிடுங்குகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். பழுதான பிறகு பிடுங்க என்ன இருக்கிறது என்றார்.

சென்ற ஆகஸ்டில் அவர் பெயர்ப் பட்டியலைப் பார்க்கவே இல்லை. எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மூன்று முறையும் டைட் எண்டையே எடுத்தார், நல்ல மூன்று பேரையும். ஓர் அணியில் அந்த இடத்துக்கு ஒருவர்தான் ஆட முடியும். மனிதருக்கு வயதாகிவிட்டது என்று வெங்கட் என் காதில் சொன்னார்.

செப்டம்பர் முடிவதற்குள் எங்கள் பள்ளங்கள் தெரிந்துவிட்டன. ஒரு டைட் எண்டைத் தரும்படி முதலில் குமரேசன் போய்க் கேட்டார், பிறகு வெங்கட், கடைசியில் நான். ஜெபராஜ் பதிலுக்கு ஆட்டக்காரர் யாரையும் கேட்கவில்லை. "ஆட்டம் முடியுறவரைக்கும் வியாழக்கிழமை நீங்க ரோஸ்லினைக் கூட்டிட்டுப் போங்க சார். அது போதும்" என்றார். குமரேசனிடம் செவ்வாய், வெங்கட்டிடம் சனி. மூன்று பேரையும் கொடுத்துவிட்டார். அவருடைய அணியில் அந்த இடம் டிசம்பர்வரை காலியாகவே இருந்தது. ஒவ்வொரு திங்களும் அதற்கு நேரே நான் பூஜ்யம் எழுதினேன்.

முதல் வியாழன் மட்டும் ஜெபராஜ் என்னோடு வந்தார். எந்த வாசலில் நிறுத்த வேண்டும், எந்த நாற்காலிக்குக் குளிர்காற்று வராது, முடிந்ததும் இரண்டு உப்பு பிஸ்கட் தின்னாமல் ரோஸ்லின் எழுந்து நிற்கக் கூடாது, வீடு திரும்பும் வழியில் முதல் பத்து நிமிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் சொன்னார். பிறகு வரவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் திரும்பியபோது வாசலில் அவர் கார் இல்லை. வீட்டில் சத்தம் இல்லை. ரோஸ்லின் தன் சாவியால் திறந்தார், சுவரைத் தொட்டுத் தொட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார், சோபாவில் சாய்ந்தார். நான் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து, கராஜுக்குப் போகும் கதவு திறந்தது. ஜெபராஜ் உள்ளே வந்தார். அவ்வளவு நேரமும் அந்தக் கதவுக்குப் பின்னால், இருட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். காரை அடுத்த தெருவில் விட்டிருந்தார்.

"என்ன சார் இது?" என்றேன். ரோஸ்லினை எழுப்பிவிடக் கூடாது என்று குரல் தானாகத் தாழ்ந்தது.

"ஒண்ணுமில்ல. நான் இல்லன்னா எப்படி இருக்கும்னு பாத்தேன்." அவர் முகத்தில் வருத்தம் இல்லை, நிம்மதி இருந்தது. அதுதான் என்னை என்னவோ செய்தது. அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகும் யாரோ மறுபக்கம் உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்தது.

டிசம்பரில் ஆட்டம் முடிந்தது. ஒப்பந்தமும் முடிந்தது. ஜெபராஜ் கடைசி இடம். ஜனவரியிலிருந்து பழையபடி அவரே ஓட்டினார்.

ஆகவே பிப்ரவரியில் அவர் போனபோது எங்களுக்கு எந்தக் கடமையும் இல்லை. அன்று மாலை அந்த வீட்டில் சபைப் பெண்கள் பதறிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் தவறினால்கூட மூச்சுத் திணறும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வியாழன் காலை ஆறரைக்குப் போய் நின்றேன். ரோஸ்லின் பையும் போர்வையுமாக வாசலிலேயே இருந்தார். "வாங்க சார்" என்றார், அவ்வளவுதான். யார் வருவார்கள் என்ற பயம் அவரிடம் துளியும் இல்லை. சனிக்கிழமை மதியம் அடக்கம். அன்று காலை வெங்கட் வந்தார். செவ்வாய் குமரேசன் வந்தார். நாங்கள் மூவரும் கூடி முடிவு செய்ததல்ல இது.

தன் சாவு அவருக்கு முன்பே தெரிந்திருந்ததா என்று கேட்கிறீர்கள். நானும் கேட்டேன். செப்டம்பரில் எடுத்த அவருடைய மருத்துவ அறிக்கையை ரோஸ்லின் காட்டினார். இதயத்தில் ஒரு குறையும் இல்லை.

ஏப்ரலில் குமரேசனுக்கு வேலை போயிற்று. விசா இருக்கவிடாது, ஊர் திரும்ப வேண்டியதுதான். விடைபெற வந்தவர் ரோஸ்லின் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, "செவ்வாய்க்கு யாருங்க்கா?" என்றார். தன்னால்தான் அந்த நாள் காலியாகிறது என்று அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"கிரேஸ் வருவா தம்பி. நீ கவலைப்படாம போ" என்றார் ரோஸ்லின். சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிற அந்த கிரேஸ்தான். "அவளுக்கு நவம்பர்லயே அவங்க ரோடு காட்டிட்டாங்க. குமரேசன் ரொம்ப நாள் இங்க இருக்க மாட்டான்னு சொன்னாங்க."

நவம்பரில் குமரேசனின் நிறுவனம் புதிதாக ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. குமரேசன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஜெபராஜிடமிருந்து என்னிடம் இருப்பது வியாழக்கிழமை. வாசல், நாற்காலி, இரண்டு பிஸ்கட், பத்து நிமிட மௌனம் எல்லாம் அவர் கொடுத்தபடியே என்னிடம் இருக்கின்றன. அந்த நாளுக்கும் வேறு யாருக்காவது ரோடு காட்டினாரா என்று நான் ரோஸ்லினிடம் கேட்டதில்லை. போன வாரம் திரும்பும் வழியில், "சார், வியாழக்கிழமைக்கு..." என்று அவர் தொடங்கினார். பத்து நிமிடம் இன்னும் ஆகவில்லை என்றேன்.