வழியனுப்பிய பிறகும் போகாத ஜெமிமா மதினி

ஜெமிமா என்ற பெயர் முதன்முதலில் என் காதில் விழுந்தபோது கூடவே உளுந்தவடையும் விழுந்தது. எங்கள் பெரியம்மை தன் மகன் ஜேசுதாசன் அண்ணனுக்கு ஏரலில் பெண் பார்த்துவிட்டு வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னாள்: "புள்ள பேரு ஜெமிமா. டீச்சர் வேலை. நமக்கு வச்ச வடைய அதுவும் எடுத்துத் திங்குது, வெக்கமே இல்ல. எனக்குப் புடிச்சுப் போச்சு."

அப்படி வந்தவள்தான் எங்கள் மதினி. அவள் சாப்பிடுவதைப் பார்த்தால் பார்க்கிறவர்களுக்குப் பசி எடுக்கும். பஜ்ஜியைப் பிட்டு, ஆவி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் வாயில் போடுவாள். கைப்பையில் பைபிள் இருக்கிறதோ இல்லையோ, ஈரத்துணியில் சுற்றிய வாழையிலைத் துண்டு கட்டாயம் இருக்கும். கடைக்காரர் பிளாஸ்டிக் தாளில் வைத்துக் கொடுத்தால் அங்கேயே இலைக்கு மாற்றிவிடுவாள். "பிளாஸ்டிக்ல வச்சா அல்வாவுக்கு மூச்சு முட்டும்லா?" என்பாள். கூடப் போகிற எனக்கும் இலை கிடைக்கும். எனக்கு எதில் வைத்தாலும் சரிதான், அளவு மட்டும் குறையக் கூடாது.

அண்ணன் காலமான பிறகு பாளையங்கோட்டையில் தனியாகத்தான் இருந்தாள். போன வருஷம் மகன் சுஜின் புனேயிலிருந்து பேசினான். புது வீடு வாங்கியாகிவிட்டது, அம்மா வந்து கூடவே இருந்துவிட வேண்டும் என்றான். சரி என்றாள்.

எங்கள் ஆட்கள் ஊரை விட்டுப் போவதென்றால் சும்மா போய்விட முடியாது. சொந்தக்காரர் வீடெல்லாம் ஜெபம் பண்ணிப் பலகாரம் கொடுப்பார்கள். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்னால் நிறுத்தி வைத்து, ஐயர் ஜெபம் பண்ண, சபையே எழுந்து நின்று வழியனுப்பும். சர்ச்சைத்தான் நாங்கள் கோயில் என்போம்; போதகர் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா. மதினிக்கும் எல்லாம் முறையாக நடந்தது. பெண்கள் சங்கத்தார் சூட்கேஸ் கொடுத்தார்கள். ஐயரம்மா ஞானசௌந்தரி கட்டிப் பிடித்து அழுதாள். நான் அவளைத் தோற்கடிக்கிற மாதிரி அழுதேன். அழுத களைப்புக்கு இரண்டாம் தட்டு கேசரியும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் சுஜினிடமிருந்து போன். குளியலறையில் தண்ணீர் ஒழுகுகிறதாம், உடைத்து வேலை பார்க்கிறார்களாம், கொஞ்ச நாள் கழித்து வாருங்கள் என்றான்.

மதினி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏட்டி சாலோமி, அடக்கம் பண்ணுன பொணம் எந்திச்சு வந்து காப்பி கேட்ட மாதிரில்லா ஆயிப்போச்சு. இனி எப்பிடிட்டி கோயிலுக்குப் போவேன்?"

அடுத்த ஞாயிறே, மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த அவள் இடத்தில் ஃபெபி அக்கா உட்கார்ந்துவிட்டாள். இதை ஓடிப் போய் மதினியிடம் சொன்னதும் நான்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

ஆனால் அவளுக்கு இடம்கூடப் பெரிதாகத் தோன்றவில்லை. கவலையெல்லாம் அசனத்தைப் பற்றித்தான். கோயில் பண்டிகையில் வந்தவர் போனவர் எல்லாரையும் தரையில் வரிசையாக உட்காரவைத்து, ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் போடுகிற விருந்து அது. பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. "அசனச் சோத்த ஒரு வாய் தின்னுட்டுப் போணும்ட்டி. புனேயில எவன் போடுவான்? ஆனா எந்த மூஞ்சிய வச்சிட்டு அங்கன போயி உக்கார?"

அதுவரை மனதை ஆற்ற வேண்டுமே. ஞாயிறு காலையில் கோயிலுக்குப் போகிறவள் மாதிரி வெள்ளைப் புடவை உடுத்துவாள். இரண்டு பேருமாக டவுண் பஸ் ஏறிவிடுவோம். ஆற்றைத் தாண்டிவிட்டால் நம் ஆட்கள் கண்ணில் பட மாட்டார்கள் என்பது அவள் எண்ணம். ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் பார்க்காமல் விட்டதையெல்லாம் அப்படித்தான் பார்த்தோம். ஆற்றுக்கு இந்தப் பக்கமே என்றாலும் அறிவியல் மையத்தையும் விடவில்லை; அங்கே ஆளைக் குண்டாகக் காட்டுகிற கண்ணாடி ஒன்று உண்டு. அதன் முன்னால் நின்று மதினி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் போய் நின்று பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

நெல்லையப்பர் கோயிலில் தட்டினால் பாடுகிற தூண்களைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தோம். பூக்காரி கேட்டாள், "வெளியூராம்மா?"

"ஆமா, புனே," என்றாள் மதினி, கண்ணைச் சிமிட்டாமல். நானும் தலையை ஆட்டி வைத்தேன். புனே எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

ஒருநாள் சாயங்காலம் டவுணில் அல்வா வாங்க வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற பெண் லேசாகப் பக்கவாட்டில் திரும்ப, பார்த்தால் ஐயரம்மா! மதினி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். "அவுகளுக்கு முதுகுலயா கண்ணு இருக்கு? அல்வாவ வாங்கிட்டு ஓடுவோம் மதினி," என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் பயம் இல்லை, அல்வா.

அசன நாளும் வந்தது. மத்தியானம் வரை வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். கறிக்குழம்பு வாசனை தெருவுக்கு வந்ததும் எழுந்து புடவையை மாற்றிக்கொண்டாள். கடைசிப் பந்தியில், தலையைக் குனிந்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாளியோடு வந்த வாலிபப் பையன் ஹெப்ரான் சோற்றை வைக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏ, ஜெமிமா டீச்சரு! நீங்க புனே போகலியா?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. மதினி நிமிர்ந்தாள்.

"போயிட்டேம்லே. சோறு திங்க வந்திருக்கேன். குழம்ப ஊத்து."

பந்தி முழுக்கச் சிரிப்பு. ஐயரும் சிரித்துக்கொண்டே வந்தார். "என்னம்மா, அவ்வளவு உருக்கமா ஜெபம் பண்ணி அனுப்புனோம். மறுபடியும் ஒரு ஜெபம் வைக்கணுமோ?"

"வேண்டாம் ஐயா. ஆண்டவரு அப்பவே கேட்டுட்டாரு. கொத்தனாருதான் இன்னும் கேக்கல. ரெண்டு துண்டு கறி வைக்கச் சொல்லுங்க."

ஐயரம்மா தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தாள். மதினி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். அவள் இலையில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

பண்டிகை முடிந்த வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக சுஜின் வந்துவிட்டான். மதினி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. "சரி டீச்சர், போயிட்டு அடுத்த ஞாயிறு வந்துருங்க," என்று சிரித்தார்கள். ஜெபத்தையும் அழுகையையும் பலகாரத்தையும் முதல் தடவையே செலவழித்துவிட்டோம். நானே அந்த ஒழுகுகிற குளியலறையை மலை போல நம்பியிருந்தேன். சாவகாசமாகப் புடவை கட்டி, பிந்தித்தான் ஜங்ஷனுக்குப் போனேன்.

ஓட்டமும் நடையுமாக நான் பிளாட்பாரத்துக்குள் நுழைந்தபோது புனே வழியாகப் போகிற மும்பை வண்டி கிளம்பத் தயாராக நின்றது. வழியனுப்ப வேறு ஒருவரும் வந்திருக்கவில்லை. ஏசி பெட்டியின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மதினி பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் என்னவோ சொன்னாள். கேட்கவில்லை என்று காதைக் காட்டினேன். அவள் ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று சைகை காட்டினாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். வண்டி நகர்ந்தது.

மதினி இப்போது புனேயில், மகன் வீட்டில் இருக்கிறாள்.