டெலிவிஷனில் பெண் பார்த்தார்கள்

எங்கள் அத்தையைப் பெண் பார்க்க அடையாறுக்காரர்கள் டெலிவிஷன் வழியாக வந்தார்கள். வந்தார்கள் என்று சொல்வதுகூடத் தப்பு. அவர்கள் அடையாறிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அத்தைதான் டெலிவிஷனுக்குள் போனாள்.

மெட்ராஸுக்கு டெலிவிஷன் வந்த புதிது அது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவுக்கே ஒன்றுதான் இருந்தது, எதிர்வீட்டு என்ஜினியர் வீட்டில். மர இழுப்புக் கதவு வைத்த பெட்டி. சாயந்தரம் அந்தக் கதவைத் திறக்கும்போது, கோயிலில் திரை விலகியதுபோல நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் வாயை மூடிக்கொள்வோம்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர். எங்களோடுதான் இருந்தாள். அப்பாவுக்கு தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக்கடை. திருநெல்வேலியை விட்டு வந்து வருஷங்கள் ஆகியும் வீட்டில் பேச்சு மட்டும் ஊர்ப் பேச்சுதான். அத்தைக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது என்பது எங்கள் வீட்டின் நிரந்தரக் கவலை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேசரியைப் புகழ்ந்துவிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று போனவர்கள். கேசரியில் பெரும்பங்கு எனக்கே வந்ததால் எனக்கு இதில் குறை ஒன்றும் இல்லை.

இந்த நேரத்தில்தான் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியில் ஒரு விஞ்ஞான சோதனை செய்து காட்ட அத்தையைக் கூப்பிட்டார்கள். சேதி தெரு முழுக்கப் பரவியது. தரகர் காதுக்கும் போனது. அவர் அடையாறில் ஒரு மாப்பிள்ளை வீட்டில் போய்ச் சொல்ல, மாப்பிள்ளையின் அம்மா, நாலு பேர் கிளம்பி வருவானேன், பக்கத்து வீட்டு டெலிவிஷனிலேயே பெண்ணைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெண் பார்ப்பதில் விஞ்ஞானம் இவ்வளவு தூரம் வந்துவிட்டதே என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அத்தைக்கு மாப்பிள்ளை ஞாபகமே இல்லை. அவள் கவலையெல்லாம் தண்ணீர் மேல். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி, கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். சுடர் அணைந்ததும் தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் வெறும் தண்ணீர் தெரியுமா? குங்குமம் கரைத்துப் பார்த்தாள், மஞ்சள் கரைத்துப் பார்த்தாள், கடைசியில் பேனா மைதான் சரி என்று முடிவு செய்தாள். எங்கள் அடுக்களை மேடையே நீலமாகிவிட்டது. கூடவே நின்று தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தவள் நான். உள்ளங்கை நீலத்தோடு பள்ளிக்கூடம் போவது அந்த வாரம் எனக்குப் பெரிய பெருமை.

அம்மாவின் கவலை வேறு. அத்தைக்குத் தெத்துப்பல் உண்டு.

“சிரிக்கும்போது வாயத் தொறந்துராத. காசுமாலை தெரியுத மாதிரி நேரா நில்லு,” என்று அம்மா அவளுக்குப் பாடம் எடுத்தாள்.

அன்று சாயந்தரம் சித்தப்பா அத்தையை டாக்ஸியில் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார். நாங்கள் எதிர்வீட்டுக்குப் போனோம். ஹாலில் இடமில்லாமல் ஜன்னல் கம்பியிலும் ஆட்கள் தொங்கினார்கள். பெண் பார்க்கும் நாள் என்றால் கேசரி, பஜ்ஜி என்று பழகிய அம்மாவுக்குக் கை சும்மா இருக்குமா? இரண்டையும் செய்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் அடையாறில் இருந்ததால் தெருவே சாப்பிட்டது. அப்பா தோளில் புது அங்கவஸ்திரத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்து, சம்பந்தி எதிரில் இருப்பதுபோல இருமாமல் பார்த்துக்கொண்டார்.

அத்தை வந்தாள். அதாவது அத்தையின் தலை கீழேயும் இடுப்பு மேலேயுமாகப் படம் உருண்டது. என்ஜினியர் வீட்டு டிரைவர் மாடியில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு, “இப்போ இன்னா தெரியுது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திடீரென்று படம் நின்றது. சத்தியமாக எங்கள் அத்தை! நான் எழுந்து குதித்ததில் யாரோ என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

அத்தை தீக்குச்சியை உரசினாள். குச்சி ஒடிந்தது. இன்னொன்றை எடுத்தாள். அது சீறி, புகைந்து அணைந்தது. ஹாலில் பஜ்ஜி மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. எல்லாம் நேரடி ஒளிபரப்பு, நிறுத்தி மறுபடி எடுக்க முடியாது என்று என்ஜினியர் மெதுவாகச் சொல்ல, அப்பா அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்தார். அத்தை என்ன செய்தாள் தெரியுமா? வாயை நன்றாகத் திறந்து, தெத்துப்பல் பளிச்சென்று தெரியச் சிரித்தாள். இங்கே ஏசி போட்டிருக்கிறார்கள், தீக்குச்சிக்கே குளிருகிறது என்று ஸ்டுடியோவில் எதிரில் இருந்த பிள்ளைகளிடம் சொன்னாள். அவர்களும் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். அம்மா மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த குச்சி பற்றியது. உடனே படத்தில் அத்தையின் முகம் போய், கைகள் மட்டும் பெரிதாக வந்தன. “மூஞ்சியக் காட்டுங்களேன்,” என்று அம்மா டெலிவிஷனிடம் கெஞ்சினாள். டம்ளர் கவிழ்ந்தது, சுடர் சுருங்கி அணைந்தது, கறுப்பாகத் தண்ணீர் சரசரவென்று ஏறியது. தெருவே கைதட்டியது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு எந்தத் தீபாவளிக்கும் வந்ததில்லை.

மறுநாள் தரகர் வந்தார். பெண் லட்சணம்தானாம், பல்லைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாமாம். ஆனால் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பெண்ணின் நிறம் மட்டும் பிடிபடவில்லையாம். அதனால் வெள்ளிக்கிழமை நேரிலேயே வந்து பார்த்துவிடுகிறார்களாம். அப்பா தாராளமாக வரட்டும் என்று சொல்லி முடிக்குமுன், அத்தை அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள்.

“தண்ணி ஏறுனது அவங்களுக்குத் தெளிவாத் தெரிஞ்சுதா?”

தரகருக்கு விளங்கவில்லை. “அத யாரும்மா பாத்தா? நீ சிரிச்ச உடனே அந்தம்மா நிறத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க.”

“அப்ப வர வேண்டாம்னு சொல்லிருங்க,” என்றாள் அத்தை.

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். தரகருக்குக் காபி கொடுக்கச் சொல்லிவிட்டு, வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கடைக்குக் கிளம்பிப் போனார்.

அதற்கப்புறம் பல ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போவாள். தட்டும் டம்ளரும் தீப்பெட்டியும் தருவாள்.

“ஏட்டி, நான் எப்படிச் செஞ்சேன்? செஞ்சு காட்டு.”

நான் தலையைச் சாய்த்து வணக்கம் சொல்வேன். குச்சியை ஒடிப்பேன். அவளைப் போலவே வாயைத் திறந்து சிரிப்பேன். அத்தை கண்ணிமைக்காமல் பார்ப்பாள். அப்படியா சிரித்தேன் என்பாள், காசுமாலை அசைந்ததா என்பாள், இன்னொரு தடவை என்பாள்.

இப்போது என் மகள் தோசை தின்பதைக்கூடப் போனில் எடுத்து, சட்னி விரலோடு உடனே போட்டுப் பார்த்துக்கொள்கிறாள். அன்று நடந்தது அன்றோடு காற்றில் போனது. யாரும் அதை எடுத்து வைக்கவில்லை. தெருவே அத்தையைப் பார்த்தது, அடையாறு பார்த்தது, அவள் ஒருத்திதான் பார்க்கவில்லை. இது அப்போது எனக்கு எங்கே தெரியும்? அங்கே நின்று செய்ததே இவள்தான், இவளுக்கு ஏன் இப்படி எல்லாம் மறந்துபோகிறது என்று நினைத்துக்கொண்டு, மறுபடியும் முதல் குச்சியை எடுத்து ஒடிப்பேன்.