மீடியம் அக்காவின் இடுப்பளவு

எங்கள் தையல் கம்பெனியில் அளவு அட்டவணை என்று ஒன்று கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு பெண் இருந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, எங்களுக்கு அவள் மீடியம் அக்கா. திங்கட்கிழமை காலையில் கட்டிங் மாஸ்டர் டேப்போடு வருவார். இவள் மிஷினை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் விரித்து நிற்பாள். அந்த வாரம் வெட்டுகிற ஆஸ்பத்திரிக் கோட்டு, கடைப் பெண்களின் சட்டை எல்லாவற்றுக்கும் அவள் உடம்புதான் மீடியம். அதில் கொஞ்சம் கழித்தால் ஸ்மால், கூட்டினால் லார்ஜ். "காகிதத்துல இருக்கற அளவு மூச்சு விடுமா?" என்பார் மாஸ்டர். நான் பட்டன் தைக்கிறவள், எனக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

மீடியம் அக்காவுக்கு ஒரே ஏக்கம்தான்: பிள்ளை. அவளுடைய நாத்தனாருக்கு நல்ல கனத்த உடம்பு, மாதவிடாய் இஷ்டத்துக்குத் தள்ளிப்போகும். டாக்டர் சொல்லிக் கொஞ்சம் எடை குறைத்தாள்; மாதம் ஒழுங்கானது, கர்ப்பமும் ஆனாள். மாமியார் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். "பாத்தியா? கொழுப்பு கரைஞ்சாத்தான் பிள்ளை தங்கும். நீயும் கரை." கரைக்க இவளிடம் என்ன இருந்தது? ஒருத்திக்குப் பல்வலி என்றால் இன்னொருத்தி போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்வாளா? இவள் பிடுங்கிக்கொண்டாள். சாப்பாட்டு டப்பாவில் வெள்ளரித் துண்டு மட்டும் வந்தது. இடைவேளையில் கம்பெனி மாடிப்படியை ஏறி இறங்கினாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வாரா வாரம் டேப் சுருங்கியது. மாஸ்டர் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. சுருங்கிய அளவுக்கே கத்தரியைப் போட்டார். ஊரில் மீடியம் வாங்குகிறவர்கள் எல்லாம் சட்டைக்குள் மூச்சுத் திணறினார்கள். ஒருத்திக்காவது துணி மேல் சந்தேகம் வந்ததா? வரவில்லை. நம் பெண்களுக்கு எப்போதும் குற்றவாளி தன் வயிறுதான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. சாயங்காலம் ஆனால் தெரு முழுக்கப் பெண்கள் கையை வீசி நடந்தார்கள், பிஸ்கட் கடைக்காரர் ஈ ஓட்டினார்.

அப்போதுதான் மீடியம் அக்காவுக்கு நாள் தள்ளிப்போனது. அடுத்த மாதமும் வரவில்லை. மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "எம் மருமக முழுகாம இருக்கா!" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார்.

"அத்தை, வயிறு உள்ளதானே போகுது?" என்று மெதுவாகக் கேட்டாள் இவள்.

"பிள்ளைக்குக் கூச்ச சுபாவம். உங்க மாமா மாதிரி. ஆள் வந்தா உள்ள போய் ஒளிஞ்சுக்குவார்."

என்னிடம் மட்டும் அவள் உண்மையைச் சொன்னாள். பரிசோதனைக் கிட்டில் ஒற்றைக் கோடுதான் வந்ததாம். "கிட்டு பழசா இருக்கும்ல?" என்று என் முகத்தையே பார்த்தாள். அவள் கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. மிஷினைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக அவளுடைய முடி கிடந்தது. அவள் குனிந்து பார்ப்பதற்குள் அதை அள்ளிக் குப்பையில் போட்டேன்.

அதற்கடுத்த மாதம் மாமியார், பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும் என்று அவளை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார்கள். லேடி டாக்டர் ஸ்கேன் எடுத்தார், ரத்தம் எடுத்தார், எல்லாம் வந்த பிறகு எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"கர்ப்பம் இல்லம்மா. உடம்புக் கொழுப்புன்னா சும்மா மூட்டை கட்டி வச்ச சாமான்னு நினைக்காதீங்க. 'வீட்ல இருப்பு இருக்கு'ன்னு அதுவும் மூளைக்கு சேதி அனுப்பும். சாப்பாடும் குறைஞ்சு, கொழுப்பும் ரொம்பக் குறைஞ்சா, மூளை பஞ்சம் வந்துடுச்சுன்னு முடிவு பண்ணிடும். பஞ்சத்துல பிள்ளை எதுக்குன்னு சினைப்பைக்குப் போற ஹார்மோனக் குறைச்சிடும். ஈஸ்ட்ரோஜன் இறங்கிடும், மாதவிடாய் நின்னுடும். இப்படியே விட்டா எலும்பும் வலுவிழந்துடும்."

மாமியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பஞ்சமா? எங்க வீட்லயா? அப்படி நினைக்க இவ மூளைக்கு என்ன திமிரு!"

"எம் மக எடை குறைச்சுத்தானே உண்டானா?" என்று அடுத்ததையும் கேட்டார்.

"அவங்களுக்கு அதிகமா இருந்துச்சு, ஹார்மோன் குழம்பியிருந்துச்சு. குறைச்சதும் சரியாச்சு. இவங்களுக்கு அதிகமாவே இல்லையே. இவங்க நல்லாச் சாப்பிடணும்" என்று சொல்லி டாக்டர் முன்னால் சாய்ந்தார். படாரென்று அவர் கோட்டின் பட்டன் தெறித்து மாமியார் நெற்றியில் அடித்தது.

குனிந்து எடுத்தேன். என் பட்டன். நான் தைத்தது அறுந்து வராது; துணியையும் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது.

"சாரிம்மா, எனக்குத்தான் தொப்பை போட்டுடுச்சு. ரெண்டு மாசமா மதியம் சாப்பிடறதே இல்ல" என்றார் டாக்டர், வெட்கத்தோடு.

"டாக்டரம்மா, உங்களுக்குத் தொப்பை போடல. உங்க கோட்டு இவங்க உடம்பு அளவு" என்றேன். மீடியம் அக்கா எழுந்து கையை விரித்துக் காட்டினாள். டாக்டர் அவளைப் பார்த்தார், தன் கோட்டைப் பார்த்தார், கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸையும் பார்த்தார். பிறகு மேஜை டிராயரிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்தார். முதல் பிஸ்கட் நோயாளிக்கு, அடுத்தது தனக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து விஷயம் ஊருக்குள் பரவ, திரும்பி வந்த சரக்கு மூட்டை மூட்டையாகக் கம்பெனி வாசலில் குவிந்தது. முதலாளி குதித்தார். "துணி சரிதான் சார், ஊருதான் தப்பு" என்றார் மாஸ்டர் கடைசிவரை. மீடியம் அக்கா எதையும் காதில் வாங்காமல் சாப்பிட்டாள். முதலில் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது, ஒவ்வொரு வாய்க்கும் என்னைப் பார்ப்பாள். அளவு ஏற ஏற மாஸ்டர் முகம் சுளித்தார். மாதங்கள் போயின. பாத்ரூமுக்குப் போய்விட்டு வெறுமனே திரும்பி வருவாள்.

ஒரு நாள் மதியம் ஓடி வந்து என் தோளைப் பிடித்தாள். "வந்துடுச்சு."

நாலு வருஷமாக மாதவிடாய் வந்த நாளெல்லாம் அழுதவள் அவள். அன்றைக்கும் வெட்டிய துணிக் குவியல் மேல் உட்கார்ந்து அழுதாள், நானும் அழுதேன். பிறகு மாமியாருக்கு போன் போட்டாள். கேட்டதும் அவர் போனை வைத்துவிட்டார். கர்ப்பம் என்று ஊரெல்லாம் சொன்னவர், டாக்டர் இல்லை என்று சொன்ன நாளிலிருந்து வாசல் பக்கமே வரவில்லை; இனி எந்த முகத்தோடு வெளியே போவார் என்று எனக்கே பாவமாக இருந்தது.

சாயங்காலம் அவளோடு நானும் தெருவுக்குள் நுழைந்தேன். மாமியார் ஒவ்வொரு வாசலாக நின்று, முன்பு கத்திய அதே குரலில் கத்திக்கொண்டிருந்தார்: "எம் மருமகளுக்கு வந்துடுச்சு! அவ உடம்பு தேறிடுச்சு!"

என்ன சொல்வதென்று தெரியாமல் தெருவே அவளுக்கு வாழ்த்துச் சொன்னது.