பைண்டிங் போட்ட சொத்து

எங்கள் வீட்டில் காமிக்ஸ் புத்தகத்தைத் தொட்டால் முதுகில் ஒன்று விழும். படிப்பு கெட்டுவிடும் என்பதற்காக அல்ல. அது சொத்தாம்! சொத்தில் எண்ணெய்க் கை படக்கூடாதாம். தூத்துக்குடியில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒரு கொடுமை நடந்திருக்காது.

இதற்கெல்லாம் காரணம் என் தாய்மாமா. எங்களுக்குப் பக்கத்து வீடுதான், ஆனால் வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில் கிடப்பார். கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. அந்த வெக்கையும் இரைச்சலும் அவருக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. இதில் அவருடைய சின்ன மகன் வேறு, நாங்கள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பெற்ற அப்பனையே 'கப்பல் மாமா' என்று கூப்பிட்டான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமாவும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது கப்பலை விட்டுவிட வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தார் என்று அம்மா சொல்லுவாள்.

ஏதோ ஒரு துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரர், சின்ன வயதில் வாங்கிய காமிக்ஸ் ஒன்றை விற்று வீடே கட்டிவிட்டார் என்று கூட வேலை பார்த்தவர் சொல்லியிருக்கிறார். மாமா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தமிழ்க் காமிக்ஸுக்கும் அந்தக் காலம் வரும், நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்று லீவில் வரும்போதெல்லாம் ஊர் ஊராகத் தேடித் திரிந்தார். மில்லர்புரத்தில் யாராவது வீடு காலி செய்தால் வாசலில் போய் நிற்பார். எட்டயபுரத்தில் வாடகைப் புத்தகக் கடையை மூடுகிறார்கள் என்றால் முதல் பஸ்ஸில் இருப்பார். அதுவரை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்த பழைய பேப்பர் கடை அண்ணாச்சி, இவருடைய அவசரத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனியாக விலை சொல்லத் தொடங்கினார். கப்பல்காரனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தெருவே பேசியது. இன்றைக்கு அதே புத்தகங்களுக்கு இணையத்தில் அடிதடியே நடக்கிறது என்பதைத் தெருவுக்கு யார் போய்ச் சொல்ல?

புத்தகங்கள் எல்லாம் ஒரு ட்ரங்குப் பெட்டியில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் மாமா பெட்டியைத் திறப்பார். நாங்கள் சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, காட்டிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அட்டையை மட்டும் பார்க்கலாம். "அட்ட கிழிஞ்சா போச்சு, ஓரம் மடங்குனா போச்சு. அச்சாபீஸ்ல இருந்து வந்த மாதிரியே இருந்தாத்தான் வெல, கேட்டியளா?" என்பார். ஒரு அட்டையில் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஒருத்தன் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருப்பான். விழுந்தானா, ஏறினானா? ஒரு வருஷமாக எனக்கு அதே நினைப்பு.

அந்தத் தடவை வந்தபோது மாமா அத்தையிடம் உறுதியாகச் சொல்லிவிட்டார். சென்னையிலிருந்து ஒருவர் வந்து பெட்டியோடு வாங்கிக்கொள்ளப் போகிறார், அதை வைத்துத் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப் போட்டு இனிமேல் இங்கேயே இருக்கப் போகிறேன் என்று. அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. மாமா கம்பெனியில் கணக்கு முடிக்க மும்பைக்குப் போனார்.

அவர் போன பிறகு, தூசி தட்டலாம் என்று அத்தை பெட்டியைத் திறந்தாள். உப்புக் காற்று சும்மா விடுமா? புத்தகங்களில் அடித்திருந்த பின்கள் துருவேறி, பக்கங்களில் பழுப்பாகக் கறை இறங்கியிருந்தது. அத்தை நெஞ்சில் கை வைத்தாள். அவள் பிறந்த வீட்டில் பிடித்த எழுத்தைச் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து, காலிகோ துணியில் அட்டை போட்டு அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். நம் ஊரில் எந்த வீட்டில்தான் அது இல்லை? கோயிலுக்குப் பின்னால் ஜெபப் புத்தகங்களுக்கு பைண்டிங் போடுகிறவர் ஒருவர் இருந்தார். அத்தை பெட்டியை ஆட்டோவில் ஏற்றினாள். பெட்டியைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

திரும்பி வந்தபோது அவை வேறு புத்தகங்கள். துருப்பிடித்த பின்னைப் பிடுங்கி, அதோடு கிழிந்து வந்த அட்டைகளைக் கழித்து, நூலால் தைத்து, ஓரங்களை மெஷினில் வைத்துச் சமமாக வெட்டி, சிவப்புக் காலிகோவில் தங்க எழுத்தில் மாமா பெயர் பொறித்திருந்தார்கள். அடடா, என்ன அழகு!

மும்பையிலிருந்து வந்த மாமா ஒன்றை எடுத்தார். வெட்டிய ஓரத்தில் விரலை ஓட்டினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் துருப்பிடிச்சு நாசமாப் போயிட்டு இருந்துச்சு. நல்லாருக்கா?" என்றாள் அத்தை. முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு.

மாமா நிமிர்ந்து அந்தச் சிரிப்பைப் பார்த்தார். "ரொம்ப நல்லாருக்குளா," என்றார்.

சென்னைக்காரரை மாமா வீட்டுக்கே கூட்டிவரவில்லை. பேக்கரியில் வைத்துப் பார்த்தார். புத்தகப் பையைச் சுமந்துகொண்டு நானும் போயிருந்தேன், எனக்கு ஒரு பொட்டலம் மக்ரூன் கிடைத்தது. வந்தவர் ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"ஓரத்தையும் வெட்டி, அட்டையையும் கழிச்சுட்டாங்களே சார். இனி இது வாசிக்கத்தான் ஆகும்."

வாய் நிறைய மக்ரூனோடு நான் மனம் குளிர்ந்துபோனேன். எவ்வளவு நல்ல மனுஷர்! புத்தகம் வாசிக்கத்தான் என்பதை இத்தனை நாளில் ஒருத்தராவது சொன்னாரே! திரும்பும்போது மாமா, "இத அத்தைட்ட சொல்லக் கூடாது, என்ன?" என்றார். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் மக்ரூன் தின்றதைத்தான் சொல்லுகிறார் என்று நானும் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலமே பெட்டி எங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கை கழுவ வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மாமா நடுவில் படுத்துக்கொள்ள, நாங்கள் சுற்றிலும் கிடந்து வாசித்தோம். கலங்கரை விளக்கத்தில் தொங்கியவன் ஏறிவிட்டான். மாமா எல்லாருக்கும் குரல் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினார். என் சின்ன வயதில் அவ்வளவு சந்தோஷமான நாட்கள் வேறில்லை.

பிறகு ஒருநாள் பார்த்தால் மாமாவின் சூட்கேஸ் கூடத்தில் நிற்கிறது. மறுபடியும் கப்பல்.

ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனோம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தை கேட்டாள்: "புக்க வித்துட்டு இங்கனயே இருப்பேன்னு சொன்னியளே. இப்ப என்ன வந்துச்சு?"

"இவ்வளவு அழகாச் செஞ்சு வச்சிருக்க. அதத் தூக்கி எவன்கிட்டயாவது குடுக்க எனக்கு மனசு வருமாளா?" என்றார் மாமா.

அத்தை அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பெரிய மாமாவாம், மாமா! வாங்க ஆள் வந்தும், பெண்டாட்டி பிள்ளையை விட இவருக்கு அந்தச் சிவப்புப் புத்தகங்கள் பெரிதாகப் போய்விட்டனவா? மாமா ஜன்னல் வழியாக என் பக்கம் கையை நீட்டினார். ரயில் நகர்ந்தது. எல்லோரும் டாட்டா காட்டினார்கள். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பி நின்றேன்.