மாட்டுப் பொங்கலன்று நகர்ந்த வண்டி

கோர்ட்டு என்றாலே எனக்கு ஆகாது. போலீஸ்காரன் குற்றம் எழுதினால் தெண்டத்தைக் கட்டிவிட்டுப் போய்க் கடையைத் திறக்க வேண்டும், வியாபாரிக்கு அதற்குமேல் அங்கே வேலை இல்லை என்று எல்லோருக்கும் உபதேசம் செய்துகொண்டிருந்தவன் நான். அப்படிப்பட்ட என்னைப் பதுளைக் கோர்ட்டு வளவில், ஊரே கூடி நின்று பார்க்க, கோட்டைக் கழற்றிவிட்டு வண்டிச் சக்கரம் தள்ள வைத்தாள் ஒருத்தி. இத்தனை வருடம் கழித்தும் அவளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ரயில் பாதை அப்போது பண்டாரவளையோடு நின்றிருந்தது. பதுளையில் என் கடைக்கு வேண்டிய அரிசி அங்கிருந்து மாட்டு வண்டியில்தான் வரும். எனக்கு வழக்கமாக ஏற்றி வந்த வண்டிக்காரருக்கு இருந்ததெல்லாம் ஒரு வண்டியும் ஒரு சோடி மாடும்தான். ஒன்று செவலை, மற்றது மயிலை. எனக்கு அரிசி கொண்டுவந்த நேரம் போக, தோட்டத்திலிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றிப் பண்டாரவளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவார். அவர் வாய் திறப்பது அபூர்வம். அவருக்கும் சேர்த்து மனைவி பேசுவாள். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்து வளர்ந்தவள். கல்யாணமான நாளிலிருந்து வண்டியோடு கூடவே வருவாள். இறக்கத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதும் ஆற்றில் மாட்டைக் குளிப்பாட்டுவதும் அவள் பொறுப்பு. என்னை வாய் நிறைய மொதலாளி என்று கூப்பிடுவாள். அந்தச் சொல்லுக்கு உண்டான பயம் மட்டும் அவளிடம் மருந்துக்கும் கிடையாது.

அந்த வருடம் தை பிறக்குமுன்பே வந்து சேர வேண்டியவர்கள், வழியில் மண் சரிந்து அகப்பட்டுக்கொண்டார்கள். தெருவோரத்திலேயே மூன்று கல்லை வைத்துப் பொங்கி இறக்கிவிட்டு, பொங்கலன்று இருட்டுகிற நேரத்தில் கடைக்கு வந்தார்கள். பாதிப் பாரத்தை வழியில் ஹாலி-எலையில் இறக்கியிருந்தார்கள், மீதி என்னுடையது. சரக்கு வைக்கும் என் கிட்டங்கியிலோ மழைத் தண்ணீர் இறங்கித் தரை சொதசொதவென்று கிடந்தது. தரை காய்ந்த பிறகு இறக்கலாம், மூட்டைமேல் படங்கைப் போட்டு மூடி வண்டியைக் கடை வாசலிலேயே விடுங்கள் என்று சொன்னது நான்தான். மறுநாள் மாட்டுப் பொங்கல் என்பது என் நினைவிலேயே இல்லை.

அன்றைக்கு அவர்கள் மாட்டின் கழுத்தில் நுகத்தடி வைக்க மாட்டார்கள். செவலையும் மயிலையும் காலையிலேயே குளித்து, கொம்பில் சாயமும் கழுத்தில் மாலையுமாக ஆற்றங்கரையில் மேய்ந்துகொண்டிருந்தன. இன்னொரு வண்டிக்காரர் அவற்றைப் பார்த்துக்கொண்டார். புருஷனும் பெண்சாதியும் மூட்டையை இறக்கலாமா என்று கேட்கக் கடைக்கு வந்த சமயத்தில்தான் அந்தப் போலீஸ்காரன் வந்தான். புதிதாக மாற்றலாகி வந்தவன், சின்ன வயசு. விடிந்த பிறகு கடைத்தெருவில் வண்டி நிற்கக் கூடாது என்று புது உத்தரவாம். உடனே மாட்டைக் கட்டி வண்டிப்பேட்டைக்கு ஓட்டு, இல்லாவிட்டால் வழக்கு என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டான்.

எனக்கு எரிச்சல் வந்தது. பேட்டை தெருக்கோடியில்தான் இருக்கிறது, ஐந்து நிமிடம் மாட்டைக் கட்டி ஓட்டிவிட்டு அவிழ்த்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே போய், செவலை வழக்கமாக நிற்கிற பக்கத்தில் நுகத்தடியைப் பிடித்துத் தூக்கித் தோளில் வைத்தாள். புருஷன் மயிலையின் பக்கத்துக்குப் போனார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மொதலாளி, பின்னால நின்னு சக்கரத்தைக் கொஞ்சம் தள்ளுங்க" என்றாள்.

நான் அரிசிக் கடைக்காரன். என் உடம்பு அரிசியைத் தின்று வளர்ந்த உடம்பு. ஆனாலும் வண்டியை அங்கே விடச் சொன்னவன் நானாயிற்றே. தள்ளினேன். தெருவில் வண்டி ஒருவாறு உருண்டது. பேட்டைக்கு ஏறுகிற சிறு மேட்டில்தான் உயிர் போய் உயிர் வந்தது. கோணல்மாணலாக இழுத்து, நின்ற இடத்திலெல்லாம் சக்கரத்துக்குக் கல் கொடுத்து ஏற்றிவிட்டோம். தெருவில் கடை திறந்திருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இன்றைக்குக் கடைக்கு மாடு கிடைத்துவிட்டது என்று ஒருவர் சொன்னதும் காதில் விழுந்தது.

இவ்வளவு பாடுபட்டும் சில நாளில் சம்மன் வந்தது. உத்தரவிட்டும் வண்டியை நகர்த்தவில்லை என்று குற்றம். அந்தப் போலீஸ்காரன் வேண்டுமென்று பொய் சொன்னான் என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போயிருக்கிறான். அங்கே இரண்டு மாடுகளும் மாலையோடு மேய்ந்துகொண்டிருந்தன. மாடு இங்கே என்றால் வண்டி அங்கேதான் என்று முடிவுகட்டி, திரும்பி வந்து தெருவை எட்டிக்கூடப் பார்க்காமல் வழக்கு எழுதிவிட்டான்.

தெண்டத்தை நானே கட்டிவிடுகிறேன், குற்றம் என்று ஒத்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். புருஷனுக்கும் அதுதான் எண்ணம். ஆனால் தோட்டத்துப் பெரிய துரை அப்போது ஓர் உத்தரவு போட்டிருந்தார். பெட்டிகள் வழியில் களவு போன காலம் அது. கோர்ட்டில் குற்றவாளி ஆனவனுடைய வண்டியில், அது எந்தக் குற்றமானாலும் சரி, தேயிலை ஏற்றக் கூடாது என்பது அவர் கட்டளை. தேயிலை இல்லையென்றால் என் அரிசியை மட்டும் ஏற்றி அவர்கள் பிழைக்க முடியாது. மாட்டை விற்க வேண்டியதுதான். அதைவிட அவளுக்கு இன்னொன்று பெரிதாக இருந்தது.

"தெண்டம் கட்டிட்டா நாங்க வண்டிய நகத்தலைன்னு ஆயிடுமே. நகத்தினோமேங்க" என்றாள்.

வழக்கு நாளன்று காலையில் வண்டியோடு கடை வாசலுக்கு வந்து நின்றாள். அன்றைக்கு இருந்த மாதிரியே மூட்டைகளை ஏற்றித் தரவேண்டுமாம். எதற்கு என்று கேட்டதற்கு, இருக்கட்டுங்க என்றாள். முணுமுணுத்துக்கொண்டே ஏற்றிக் கொடுத்துவிட்டு, தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு சாட்சி சொல்லக் கிளம்பினேன்.

கோர்ட்டில் எங்களுக்கு முன்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராகக் குற்றத்தை ஒத்துக்கொண்டு வெளியேறினார்கள். எங்கள் முறை வந்ததும் புருஷன் குற்றமில்லை என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். போலீஸ்காரன் தான் கண்டதைச் சொன்னான். அன்றைக்குத் தெருவில் பார்த்துச் சிரித்தவர்கள் ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. பிறகு நான் ஏறி, மூன்று பேருமாக இழுத்துக்கொண்டு போனோம் என்றேன். வெள்ளைக்கார நீதவான் என்னை மேலும் கீழும் பார்த்தார். சரக்குக்குச் சொந்தக்காரர் வண்டிக்காரனுக்காகத்தான் பேசுவார் என்று அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். எனக்கு மூக்கை அறுத்த மாதிரி இருந்தது. என் வாழ்நாளில் முதல் தடவையாகக் கோர்ட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னால், அதற்கு இந்த மரியாதை.

கடைசியாக அவளைக் கூப்பிட்டார்கள். மாடில்லாமல் பாரவண்டி எப்படி நகரும் என்று நீதவான் கேட்டார். கோர்ட்டில் சிரிப்புக் கிளம்பியது. அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"வண்டி வெளியில நிக்கிதுங்க தொரை. அதே பாரம், அதே ஆளுங்க. வந்து பாருங்க" என்றாள்.

அதே ஆளுங்க என்ற சொல் காதில் விழுந்ததும்தான், காலையில் மூட்டை ஏற்றச் சொன்னது எதற்கென்று எனக்குப் புரிந்தது. நீதவான் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து விறாந்தைக்கு வந்தார். வக்கீல்கள், கிளாக்கர்மார், வழக்குக்கு வந்த சனம் எல்லாம் அவர் பின்னால் வந்து நின்றது. மாடுகளை அவிழ்த்து மரத்தில் கட்டினார்கள். அவள் செவலையின் இடத்துக்குப் போனாள், புருஷன் மயிலையின் இடத்துக்கு. நான் கோட்டைக் கழற்றி ஒரு கிளாக்கரின் கையில் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

கோர்ட்டு வளவிலுள்ள ஏற்றம் பேட்டை மேட்டைவிடச் செங்குத்து. முதலில் சக்கரம் அசையவே இல்லை. பின்னால் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை என்ன செய்ததோ, ஆரக்காலைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வெறுங்கால் விரல்கள் சரளைக்குள் புதைந்திருந்தன. வண்டி நகர்ந்தது. சிரிப்பும் நின்றது. பாதி மேட்டில் அவளுடைய கால் வழுக்கி, வண்டி ஒரு முழம் பின்னோக்கி உருண்டு என் மேல் வந்தது. யாரோ பாய்ந்து வந்து சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுத்தார்கள். மூச்சு வந்ததும் பார்த்தால், அந்தப் போலீஸ்காரன். கல்லை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு விலகி நின்றான். மறுபடி தோள் கொடுத்து மேட்டின் உச்சிவரை கொண்டுபோனோம்.

நீதவான் படியிறங்கி வந்தார். அவளுடைய தோளில் நுகத்தடி பதிந்த தடம் ரவிக்கைக்கு மேலேயே தெரிந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டார். மாட்டுப் பொங்கலன்று கடை வாசலில் நான் கேட்ட அதே கேள்வி. ஐந்து நிமிடம் மாட்டைக் கட்டியிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மாட்டுக்குத் தெரியுமேங்க" என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். நீதவான் மரத்தடியில் அசைபோட்டுக்கொண்டிருந்த இரண்டு மாடுகளையும் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அடுத்த வாரமும் அவர்கள் தேயிலைப் பெட்டிதான் ஏற்றினார்கள்.

என் தோள்வலி போக நாளாயிற்று. கடைக்கு வந்தவர்கள் என்ன முதலாளி, சுளுக்கா என்று விசாரித்தார்கள். சுளுக்கு என்று சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். நான் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, முதலிலிருந்து சொன்னேன்.